உறவா, மனசாட்சியா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கண்கலங்கப் பேசினார். "மனசாட்சி சோறு போடுமா? உறவுதானே கடைசிவரை வரும்?" என்று கேட்டார். சோறு போடாதுங்க. இருக்கிற சோத்தையும் சில சமயம் பிடுங்கிடும். அப்படிப் பறிகொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்ம ஊர்ல ஆர்.சி. மாப்பிள்ளைக்கு சி.எஸ்.ஐ. பொண்ணு பேசினாலே, எந்தக் கோயில்ல தாலி கட்டுறதுன்னு ஆறு மாசம் பஞ்சாயத்து நடக்கும். (சிரிப்பு) 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியாரே கத்தோலிக்கராக மாறினால்?

அவர் ஜான் ஹென்றி நியூமன். ஆக்ஸ்போர்டில் புனித மரியாள் ஆலயத்தின் குரு. அவர் பிரசங்கத்தைக் கேட்க மாணவர்கள் திரண்டு வருவார்கள். தன்னுடைய ஆங்கிலிக்கன் சபைதான் ஆதித் திருச்சபையின் வாரிசு என்று காட்டத்தான் பழைய வரலாற்றைப் புரட்டினார். புரட்டப் புரட்ட, நியாயம் ரோமாபுரிப் பக்கம் இருக்கோ என்ற சந்தேகம் 1839-ல் முளைத்தது. உடனே தாவினாரா? இல்லை! ஆறு வருஷம் தன்னோடு தானே வாதாடினார். 1843-ல் ஆலயப் பொறுப்பை விட்டார். 1845 அக்டோபரில் ஒரு ராத்திரி, கொட்டும் மழையில் நனைந்து வந்த டொமினிக் பார்பெரி என்ற இத்தாலியத் துறவி, நெருப்பருகே ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் முன் போய் மண்டியிட்டார் நியூமன்.

கிடைத்தது என்ன? கல்லூரிப் பதவி போச்சு. நண்பர்கள் விலகினார்கள். கூடப் பிறந்த தங்கை ஹாரியட் உறவையே முறித்துக்கொண்டார். 1852-ல் அவர் கண் மூடும்வரை அது ஒட்டவேயில்லை. எதிரணி நண்பரே, அந்த வலி எனக்கும் புரிகிறது.

ஆனால் மிச்சக் கதையையும் கேளுங்கள். 1865-ல், இருபது வருஷம் கழித்து, பழைய நண்பர் கெபிள் வீட்டு வாசலில் போய் நின்றார் நியூமன். கெபிளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் கெபிளைத் தெரியவில்லை! இன்னொரு பழைய நண்பர் பியூசியும் உள்ளே இருந்தார். மூன்று கிழவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் சபை மாறவில்லை. ஆனால் உறவு திரும்பி வந்தது. அடுத்த வருஷமே கெபிள் போய்ச் சேர்ந்தார்.

2019-ல் நியூமனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, ரோமுக்கே போய்க் கலந்துகொண்டார் இளவரசர் சார்லஸ். 2022-ல் மன்னராகி, நியூமன் விட்டுவந்த அதே சபைக்குத் தலைவரானவர் அவர்தான்! (கைதட்டல்)

எந்தச் சபை சரி என்று சொல்ல நான் வரவில்லை. அது நடுவராலேயே முடியாது. (சிரிப்பு) பிரிந்த உறவு, தாமதமானாலும் ஒருநாள் வாசலுக்கு வரலாம். விற்ற மனசாட்சியை எந்தக் கடையில் போய் மீட்பது? ஆகவே மனசாட்சியே பெரிது என்று தீர்ப்புத் தாருங்கள்.