ஏழு வயதில் நெட்டை, இருபதில் குட்டை

பள்ளியில் இறைவணக்கத்துக்கு உயர வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லோருக்கும் பின்னால் தலை தெரிய நின்றால், எங்கள் மதுரைப் பக்கம் "உரம் போட்டு வளர்த்த பிள்ளை" என்பார்கள். பெற்றோருக்கும் பெருமைதான். பெரும்பாலும் அதில் தவறில்லை. ஆனால் அந்த வயதிலேயே குரல் உடைந்து, முகத்தில் பருவும் தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவனுடைய வளர்ச்சி பன்னிரண்டு வயதுக்குள் நின்றுவிடக்கூடும்.

இது எப்படி? நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்கின்றன. அதற்கு வேண்டிய நொதி ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால் வருவது இக்கோளாறு. இயற்பியல் ஆசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்கிறீர்களா? உங்கள் வீட்டு மேல்தொட்டியைப் பாருங்கள். தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பி மோட்டாரை நிறுத்தும். தொட்டிக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீரெல்லாம் கிளைக்குழாய் வழியே தோட்டத்தில் கொட்டினால்? மிதவை எழும்பாது, மோட்டாரும் நிற்காது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இவ்வாறே அட்ரீனலை ஓயாமல் விரட்டுகிறது. அட்ரீனல் பருக்கிறது. தோட்டத்தில் கொட்டும் தண்ணீர்தான் ஆண்மை ஹார்மோன்கள். அவை குழந்தையை விரைவாக வளர்க்கின்றன. எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகளையும் விரைவாக மூடிவிடுகின்றன.

1865-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் லூய்ஜி தெ கிரெக்கியோ என்ற உடற்கூறு அறிஞர், ஆணாக வாழ்ந்து மறைந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தார். உள்ளே கருப்பையும் சூலகங்களும் இருந்தன. அட்ரீனல்கள் மிகப் பெரியனவாக இருந்தன. காரணம் விளங்க எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடையில், பருத்த சுரப்பியை வெட்டிச் சிறிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. தொட்டியில் நீர் இல்லையென்று மோட்டாரை உடைத்த கதைதான்!

1950-இல் பால்டிமோரில் லாசன் வில்கின்ஸ் குழுவினரும், பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் குழுவினரும் எதிர்வழியில் சென்றனர். குறைந்ததை வெளியிலிருந்து கொடுத்தனர். கார்டிசோன் கொடுத்ததும் மிதவை எழும்பியது. ஆண்மை ஹார்மோன்கள் குறைந்தன.

ஆனால் உயரப் பிரச்சினை அத்துடன் தீரவில்லை. மருந்து குறைந்தால் தட்டுகள் முன்கூட்டியே மூடும். மிகுந்தால் மருந்தே வளர்ச்சியைத் தடுக்கும். அதனால்தான் மருத்துவர்கள் இடக்கையை எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வயது" பார்க்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் கணக்கிட்டபோது, மருந்து உண்டு வளர்ந்தவர்களும் சராசரியைவிட ஏறத்தாழ 10 செ.மீ. குறைவாகவே இருந்தனர். சீக்கிரம் கண்டறியப்பட்டவர்கள் அவர்களில் சற்று உயரம்.

சீக்கிரம் கண்டறிய, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அப்படிச் சோதித்தது. 5,762 பேரில் ஒருவருக்கு இக்கோளாறு. சென்னையில் மட்டும் 2,036 பேரில் ஒருவருக்கு! தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். அக்காள் மகளைக் கட்டும் நம் வழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது.

பெண் குழந்தையின் பிறப்புறுப்பு மாற்றம் பெரும்பாலும் பிறந்த அன்றே கண்ணில் படும். ஆண் குழந்தையிடம் அப்படி எதுவும் தெரியாது. கடுமையான வகையில் சில வாரங்களிலேயே உப்பும் நீரும் இழந்து, சாதாரண வாந்தி என்று எண்ணியிருக்கும்போதே குழந்தை இறந்துவிடலாம். மிதமான வகைப் பையன்கள், சோதனை இல்லாத ஊர்களில், வரிசையின் பின்னால் தலை தெரிய நிற்கும்போதுதான் அகப்படுகிறார்கள். அதற்குள் ஏழு வயதுக் கையின் எலும்பு வயது பன்னிரண்டைத் தாண்டியிருக்கலாம்.