வாகன உதிரிபாகங்களை இனங்காணுதல்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதி

கார், லாரி முதலிய வாகனங்களில் ஓட்டத்தால் தேய்ந்து அடிக்கடி மாற்றப்படும் பாகங்களை, அவை பொருந்தும் இடம், பழுதின் அறிகுறி, அளவு, பொறிப்பெண் ஆகிய நான்கைக் கொண்டு இனங்காண்பது பட்டறைத் தொழிலின் அடிப்படைத் திறன். பெயரை மட்டும் சொல்லி வாங்கிய பாகம் பொருந்தாமல் போகலாம். பொருந்தியது போலத் தோன்றி ஓட்டத்தில் கைவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள எல்லைக் கிராமங்களில் இரு மாநில வாகனங்களும் ஒரே பட்டறைக்கு வருவதால் இத்திறன் கூடுதல் பயன் தருகிறது.

நிலமும் போக்குவரத்தும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்திலுள்ள களியக்காவிளை. முன்பு 47 என்றும் இப்போது 66 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை இவ்வூர்களை இணைக்கிறது. கேரளப் பதிவெண்களில் கேஎல்-19 பாறசாலைக்கும் கேஎல்-20 நெய்யாற்றின்கரைக்கும் உரியவை. மார்த்தாண்டத்துக்கு டிஎன்-75, நாகர்கோவிலுக்கு டிஎன்-74.

கேரள அரசின் மூன்று சக்கர வாகன நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ், 1978-இல் நிறுவப்பட்டு, நெய்யாற்றின்கரை அருகே ஆறாலும்மூட்டில் இயங்குகிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பூவார், வெள்ளறடை ஆகிய இடங்களில் பணிமனைகள் உள்ளன.

தேய்மானத்தின் காரணங்கள்

எந்தப் பாகம் முதலில் போகும் என்பதை வண்டி ஓடும் நிலமும் சுமையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. மேற்கே பூவார், பொழியூர் கடற்கரையில் உப்புக்காற்று சைலன்சர், பிரேக் குழாய், பேட்டரி முனைகள், எர்த் இணைப்பு ஆகியவற்றை அரிக்கிறது. கிழக்கே வெள்ளறடையை ஒட்டிய மேடுபள்ளச் சாலைகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேலை அதிகம். குமரி மாவட்டத்திலிருந்து கருங்கல், எம்-சாண்ட் ஏற்றிக் கேரளத்துக்குள் செல்லும் டிப்பர் லாரிகளில் கமான் பட்டை, கிங்பின், டயர் ஆகியவை கனத்த சுமையைத் தாங்குகின்றன. இரு பருவமழையும் பெறும் பகுதியாதலால் வைப்பர் ரப்பரும் பிரேக் ஆயிலும் கவனிப்பை வேண்டுகின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழும். ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

பிரேக் பாகங்கள்

கார்களின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் டிஸ்கும் பேடும் இருக்கும். பேடின் உராய்வுப் பகுதி சுமார் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றுவது நல்லது. சில பேடுகளில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கில் உரசிக் கீச்சிடும். டிஸ்கின் குறைந்தபட்ச அனுமதித் தடிமன் பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்க வாய்ப்புண்டு.

கனரக லாரிகளில் டிரம், பிரேக் ஷூ, காற்று பிரேக் சேம்பர், ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆகியவை சேர்ந்து இயங்குகின்றன. ஷூவில் ரிவெட் அடித்துப் பொருத்திய லைனிங், ரிவெட் தலையை நெருங்குமுன் மாற்றப்பட வேண்டும். தலை வெளிப்பட்டால் டிரம்மைக் கீறிவிடும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். எனவே டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

கிளட்ச், சக்தி கடத்தும் பாகங்கள்

ஆக்சிலேட்டரை மிதிக்க எஞ்சின் சத்தம் கூடி, வேகம் மட்டும் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம். பெடலை அழுத்தும்போது மட்டும் இரைந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டை அதன் விட்டமும் நடுத்துளையின் பற்களின் எண்ணிக்கையும் அடையாளப்படுத்தும்.

வண்டி நகரத் தொடங்கும்போது அடியில் ‘டக்’ என்று அடிப்பது லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் யு.ஜே. கிராஸ் தளர்ந்ததன் அடையாளம். அதன் கப்பின் விட்டத்தையும் எதிரெதிர் கப்புகளின் முழுநீளத்தையும் அளந்தே புதியது வாங்க வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது ‘டக்டக்’ சத்தம் வந்தால் வெளிப்புற சி.வி. ஜாயின்ட் போயிருக்கும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியதே பல நேரங்களில் மூலகாரணம். பூட்டை உரிய நேரத்தில் மாற்றினால் ஜாயின்ட் தப்பும்.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன்

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் ஆகியவற்றை, வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். மேல்கீழ் ஆட்டம் பால் ஜாயின்ட்டையும் வீல் பேரிங்கையும், பக்கவாட்டு ஆட்டம் டை ராட் எண்டையும் காட்டும். லாரியில் மேல்கீழ் ஆட்டம் கிங்பின்னையும் சுட்டலாம். டை ராட் எண்ட்களில் வலமரை, இடமரை என இருவகை உண்டு. பழையதைக் கையில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

கமான் பட்டையை, வரிசையில் அது எத்தனையாவது, அகலம், தடிமன், சென்டர் போல்ட் துளையிலிருந்து இருமுனை வரையுள்ள நீளம் ஆகியவற்றால் குறிப்பிடுவர். ஒரு பட்டை ஒடிந்தால் யு-போல்ட்டையும் சென்டர் போல்ட்டையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். தளர்ந்த யு-போல்ட் அடுத்த பட்டையையும் ஒடிக்கும்.

எஞ்சின், மின் பாகங்கள்

ஆயில், டீசல், ஏர் ஆகிய மூன்று பில்டர்களும் மிக அதிகமாக மாற்றப்படுபவை. மரையில் திருகும் ஆயில் பில்டர்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மரையளவு, வாஷரின் விட்டம், உள்வால்வின் அமைப்பு ஆகியவை மாறும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பட்டறைகளில் டைனமோ என்று வழங்கும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டும். பெரும்பாலான கனரக லாரிகளில் இரு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர். எனவே, ஒரே உருவத்தில் இருக்கும் 12 வோல்ட் பல்பையும் 24 வோல்ட் பல்பையும் அவற்றின் அடிப்பகுதியில் உள்ள எழுத்தைப் படித்தே வாங்க வேண்டும்.

பொறிப்பெண்களைப் படித்தல்

- பேரிங்: 6205 போன்ற எண்ணில் கடைசி இரு இலக்கம் 04 அல்லது அதற்கு மேலிருந்தால், 5-ஆல் பெருக்க உள்விட்டம் கிடைக்கும். 05 எனில் 25 மி.மீ.
- பெல்ட்: 6பிகே 1040 என்றால் ஆறு வரி, 1,040 மி.மீ. நீளம்.
- ஆயில் சீல்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற வரிசையில் மூன்று எண்கள்.
- கார் டயர்: 165/80 ஆர்14 என்பதில் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்.
- டயரின் நான்கு இலக்கத் தேதி: 2323 எனில் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

கார் டயரின் பள்ளத்தில் உள்ள தேய்மான மேடு, மீதி ஆழம் 1.6 மி.மீ. என்பதைக் காட்டும். மற்ற பாகங்களுக்கு உற்பத்தியாளரின் பாக எண்ணே இறுதி ஆதாரம். வண்டியின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொண்டு அதைப் பட்டியலில் தேடலாம்.

தரமும் விலையும்

சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் (1961), பிரேக்ஸ் இந்தியா (1962) போன்ற நிறுவனங்களின் பாகங்கள் நாடெங்கும் விற்பனையாகின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் பாகங்களுக்குப் போலிகளும் வருவதால், உறையின் முத்திரை, பாக எண், அச்சுத் தெளிவு ஆகியவற்றைச் சோதித்துப் பில்லுடன் வாங்குவதே பாதுகாப்பு. டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லையின் இருபுறமும் வரி விகிதம் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு அது 18 சதவீதம். ஆகவே இருபுறக் கடைகளுக்கிடையே காணும் விலை வித்தியாசத்துக்குத் தள்ளுபடியோ தரவேறுபாடோ காரணமாகலாம்.

சான்றும் பழைய பாகங்களும்

வாடகை, சரக்கு வாகனங்களுக்கு எட்டு ஆண்டு வரை இரு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர் ஆகியவை அச்சோதனையில் பார்க்கப்படும்.

மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமையாளரின் உரிமை. தேய்ந்த விதம் வண்டியின் நிலையைச் சொல்லும். டயர் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையும், ஒரு பக்கப் பேட் மட்டும் கரைந்திருந்தால் காலிப்பரையும் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் விரைவிலேயே தேயும். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருப்பதால் விற்பனையாளரிடமே திருப்பித் தர வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த ஆயிலைக் கால்வாயில் கொட்டினால் அது இப்பகுதியில் ஓடும் நெய்யாற்றைச் சேரக்கூடும். ஆகவே கழிவு எண்ணெயைத் தனியாகச் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.