மனுஷனுக்குக் கட்டிய மணி

காட்டோரம் மேய விடுகிற மாட்டுக்குக் கழுத்துமணி கட்டுறது அழகுக்காக இல்லை. சாயங்காலம் பட்டியில ஒரு உருப்படி குறைஞ்சா, சத்தத்தை வச்சுத்தான் புதர் புதரா தேடிப் போகணும். காடுமலை போகிற மனுஷனுக்கு அப்படி ஒரு மணி ரொம்பத் தாமதமாத்தான் கிடைச்சது. மலையேற்றம் போகிறவர்கள் இப்போது பையில் மாட்டிக்கொள்ளும் சாட்டிலைட் டிராக்கர் அந்த மணியோட பேரப்பிள்ளை.

1967 மார்ச். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பனி மலையில் ஒரு சின்ன விமானம் விழுந்தது. அப்பா, அம்மா, 16 வயசுப் பொண்ணு. மூணு பேருமே உயிரோடதான் இருந்தாங்க. தேடியவர்கள் கண்ணில் விமானம் படவில்லை. உதவி தேடி நடந்துபோன அப்பா திரும்பவே இல்லை. அம்மாவும் பொண்ணும் உடைந்த விமானத்துக்குள் 50 நாளுக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பொண்ணு எழுதி வச்ச டைரியாலதான் இது தெரிஞ்சது. பல மாதம் கழித்து வேட்டைக்குப் போனவர்கள்தான் விமானத்தைப் பார்த்தார்கள். நாத்து நட்டு, கதிர் எட்டிப் பார்க்கிற அளவு காலம் ரெண்டு பேர் காத்திருந்திருக்காங்க. யாரும் வரலை.

இதுமாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1970-ல், சின்ன விமானங்களில் ஆபத்து சிக்னல் அனுப்பும் கருவி வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஆனா அந்த சிக்னல் கேட்கணும்னா பக்கத்துல ஏதாவது விமானம் பறக்கணும். ஆளில்லாத மலையில் மணி அடிச்சா யாருக்குக் கேட்கும்?

கேட்கிற காதை வானத்தில் வைக்கும் வழி ஏற்கனவே கிடைத்திருந்தது. 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டபோது, அமெரிக்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ரெண்டு பேர் அதன் பீப் பீப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஹாரன் நம்மை நோக்கி வரும்போது ஒரு சுதியிலும், தாண்டிப் போகும்போது இன்னொரு சுதியிலும் கேட்கும் இல்லையா? அதே மாற்றத்தை வைத்து ஸ்புட்னிக் போகிற பாதையைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால், கீழே சிக்னல் தரும் ஆள் எங்கே என்று மேலே சுற்றும் செயற்கைக்கோளை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

எனக்கு ஆச்சரியம் இதற்கு அடுத்ததுதான். பனிப்போர் நடந்த காலம். ஒருத்தன் மேல ஒருத்தன் அணுகுண்டைக் குறி வச்சு உட்கார்ந்திருந்த அமெரிக்காவும் சோவியத்தும், கனடா, பிரான்சோடு சேர்ந்து 1979-ல் ஒப்பந்தம் போட்டன. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. இந்த வேலை மட்டும் நிற்கவில்லை. கோஸ்பாஸ்-சார்சாட் என்று பெயர். முதல் செயற்கைக்கோளை 1982 ஜூன் 30-ல் சோவியத் ஏவியது. செப்டம்பரிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் ஒரு விமானம் விழுந்து, அந்த சோவியத் கோள் கேட்ட சிக்னலால் 3 பேர் பிழைத்தார்கள். இதுவரை காப்பாற்றப்பட்டவர்கள் 50,000-க்கும் மேல்.

பழைய கருவிகளில் ஒரு தொல்லை. எல்லா மணியும் ஒரே சத்தம். யார் மாடு என்று தெரியாது, பொய் எச்சரிக்கையும் ஏராளம். பிறகு வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. 2009 பிப்ரவரி 1 முதல் பழைய 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் நடைபயணிகளும் இதை வைத்துக்கொள்ள 2003-ல் அனுமதி வந்தது. 2007-ல் ஸ்பாட், 2011-ல் இன்ரீச் என்று தனியார் கருவிகளும் வந்தன. கையில மணி இருந்தா சும்மா அடிச்சுப் பார்க்கிற ஆளும் வருவான்தானே! 2009-ல் கிராண்ட் கேன்யனில் ஒரு கூட்டம் மூணு தடவை பொத்தானை அழுத்தியது. அதில் ஒரு தடவை, குடிக்கிற தண்ணி உப்புக் கரிச்சதாம்.

நம்ம நாடும் இதில் சும்மா இல்லை. 1992-ல் ஏவிய இன்சாட்-2ஏ கோளிலேயே ஆபத்து சிக்னல் வாங்கும் கருவி இருந்தது. பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையங்கள் உண்டு. கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு இஸ்ரோ தனியாக ஒரு கருவியே செய்திருக்கிறது.

ஆனா இன்ரீச், சாட்டிலைட் போன் மாதிரி சாமான்களை வெளிநாட்டிலிருந்து வாங்கிட்டு வந்து மலைக்கு எடுத்துட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறார்கள். வானத்தில் காது இருந்தும், நடந்து போகிறவன் மணி கட்டிக்கொள்ள வழியில்லாத இந்த நிலைமை எனக்குச் சரியாகப் படவில்லை. பாதுகாப்புக் காரணம் புரிகிறது. ஆனால் வனத்துறை அனுமதியோடு மலையேறும் குழுவுக்கு, பதிவு செய்த கருவி ஒன்றை வாடகைக்காவது தரலாம்.

இன்னொரு விஷயம். 406 கருவி சிக்னல் தந்தாலும் மீட்புக்காரர்கள் முதலில் செய்வது, அதைப் பதிவு செய்தபோது கொடுத்த வீட்டு எண்ணுக்கு ஒரு போன். எந்த மலை, எத்தனை பேர், எப்ப திரும்பணும்னு அந்தப் போனை எடுக்கிறவங்ககிட்டதான் கேட்பாங்க.