நம் வீட்டு அருகலை: மலாக்காவிலிருந்து ஒரு சிறு வரலாறு





அண்மைய ஆண்டுகளில் பெற்றோரைச் சந்திக்கும் போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "டீச்சர், நூறு மெகாபிட் இணைப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். வரவேற்பறையில் நன்றாக இருக்கிறது. பிள்ளையின் அறைக்குப் போனால் காணொலி சுற்றிக்கொண்டே நிற்கிறது. இன்னும் பெரிய இணைப்பாக மாற்றிவிடலாமா?" மாற்றுவதற்கு முன்னர் திசைவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்பதே என் விடை. (ரவுட்டர் என்று நாம் சொல்லும் கருவியைத்தான் திசைவி என்கிறேன். வைஃபை என்பதற்கு அருகலை என்ற அழகான சொல் இருக்கிறது.) அவ்வாறு சொல்வதற்குக் காரணம் ஒரு வரலாறு.

1992-இல் மிமோஸ் நிறுவனம் ஜாரிங் சேவையைத் தொடங்கியபோது மலேசியாவில் இணையம் பிறந்தது. 1996-இல் டி.எம்.நெட் வந்தது. தொலைபேசிக் கம்பியில் கீச்சொலி எழுப்பி, வினாடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் நகர்ந்த காலம் அது. 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை வந்த பிறகும், செப்புக் கம்பியின் குறை தீரவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக வேகம் குறையும். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் இணைப்பே கிட்டுவது அரிது. இந்த ஒரு விதியே தோட்டத்தையும் நகரத்தையும் பிரித்துவிட்டது. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை அமைத்தார். அக்காலந்தொட்டு மலாக்காத் தோட்டங்களின் லயங்கள் மரங்களின் அருகே கட்டப்பட்டனவே தவிர, தொலைபேசி நிலையத்தின் அருகே கட்டப்படவில்லை. அலோர் காஜா, ஜாசின் பட்டணங்களில் கிடைத்தது, சில கிலோமீட்டர் உள்ளே இருந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இனி அருகலையின் கதைக்கு வருவோம். இது பிறந்தது பள்ளிக்காகவோ வீட்டுக்காகவோ அன்று, கடைகளின் பணப்பெட்டிகளுக்காக! 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், உரிமம் இல்லாமலேயே யாரும் பயன்படுத்தலாம் என்று சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. கணக்குப் பதியும் இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்.சி.ஆர். நிறுவனம், நெதர்லாந்தின் நியூவெகைன் நகரில் இருந்த தன் பொறியாளர்களிடம் அப்பணியை ஒப்படைத்தது. அவர்களுள் ஒருவரான விக் ஹேய்ஸ், 802.11 என்னும் உலகத் தரத்தை வகுத்த குழுவுக்குப் பத்தாண்டுகள் தலைமை ஏற்றார். அவர் பிறந்த ஊர் ஜாவாத் தீவின் சுரபாயா. டச்சுக்காரர்கள் மலாக்காவில் விட்டுச் சென்ற சிவப்புக் கட்டடத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

முதல் தரம் 1997-இல் வெளிவந்தது. வேகம் 2 மெகாபிட். 1999-இல் 802.11பி தரம் அதை 11 ஆக்கியது. 2003-இல் 802.11ஜி வந்து 54 ஆக்கியது. 'வைஃபை' என்ற பெயரும் 1999-இல் ஒரு விளம்பர நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர்தான். புதிர்ப்போட்டிகளில் இதன் விரிவாக்கத்தைக் கேட்கும் ஆசிரியர்கள் கவனிக்க: அது எதன் சுருக்கமும் அன்று.

இப்போது இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2003-இல் வீட்டுக்குள் காற்றில் 54 மெகாபிட். தெருக்கம்பியிலோ ஒரு மெகாபிட், அல்லது அதற்கும் குறைவு. திசைவியை எந்த மூலையில் வைத்தாலும், அமைப்பு எப்படி இருந்தாலும், நெரிசல் தெருவில்தான் இருந்தது. ஆகவே 'மெதுவாக இருந்தால் இணைப்பை உயர்த்து' என்ற அறிவுரை அன்று முற்றிலும் சரி. 2010 மார்ச்சில் யூனிஃபை ஒளியிழைச் சேவை தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளுக்கு முதலில் கிடைத்த அது, பின்னர் மலாக்காவின் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தது. 2018-இல் அணுகல் விலைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததும் கட்டணம் குறைந்தது, வேகம் உயர்ந்தது. தெருவில் இருந்த நெரிசல் வீட்டுக்குள் குடியேறிவிட்டது. நம் பழக்கம் மட்டும் மாறவில்லை.

அதன் விளைவு பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரி 13-இல் மலாக்காவும் சேர்ந்து மீண்டும் அடைபட்டது. இக்காலத்தில் இல்லிருப்புக் கற்றல் நடந்தது. கல்வி அமைச்சின் 2020 ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிய வந்தது. இருந்தவர்களுள் பெரும்பாலோர் கையில் திறன்பேசிதான். திறன்பேசியில் கம்பி செருகும் துளை இல்லை. அருகலை சரியில்லை என்றால் வகுப்பே இல்லை. வருகைப் பதிவில் 'இல்லை' என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளுள் எத்தனை பேர் சோம்பலால் வராதவர்கள், எத்தனை பேர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்று பிரித்தறிய நம்மிடம் வழியே இருக்கவில்லை.

சரி, அந்த அமைப்புப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது? திசைவியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உலாவியில் இட்டால் திறக்கும். நான் பார்த்த எந்தத் திசைவியிலும் தமிழ் இல்லை. ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்சி மூடிவிடுகிறவர்களே மிகுதி. அஞ்ச வேண்டா.

முதலில் தடம், அதாவது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 1947-ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி மாநாட்டிலேயே வெப்பமூட்டும் இயந்திரங்களுக்கென ஒதுக்கப்பட்டது. நுண்ணலை அடுப்பு இன்றும் அங்கேதான் குடியிருக்கிறது. (வகுப்பு நேரத்தில் சோற்றைச் சூடாக்கினால் படம் உறைவது இதனால்தான்.) அதிலுள்ள தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, அருகலைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எனவே ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. லயத்து வீடுகளில் பலகைச் சுவருக்கு அப்பால் ஒலிக்கும் அடுத்த வீட்டு வானொலி நம் வானொலியைக் கெடுத்தது நினைவிருக்கும். அதே நிலைதான். தோட்டத்தில் சில வீடுகளே இருந்தன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கும் வரிசை வீட்டுக்கும் குடிபெயர்ந்த நம் மக்களைச் சுற்றி இன்று இருபது முப்பது திசைவிகள். அலைகளைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறன்பேசியில் இறக்கி, மூன்றில் எது காலியோ அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வீட்டார் 6-இல் இருக்கிறார் என்று நாம் 4-க்கோ 8-க்கோ போவது வீண். ஒரே தடத்தில் இருந்தால் இரு திசைவிகளும் ஒன்றையொன்று கேட்டு முறை வைத்துப் பேசும், பாதி மேற்படிந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். இந்த அலைவரிசையில் அகலத்தை 20-இலேயே வையுங்கள். 40 என்று மாற்றினால் வேகம் இரட்டிக்கும் என்பது ஏட்டுக் கணக்கு; தாமான் வீட்டில் அது அக்கம்பக்கத்தாரின் சண்டையை இரட்டிக்கும்.

அடுத்தது பூட்டு. பலரும் கவனிக்காத இடம் இது. தொடக்ககாலப் பூட்டான டபிள்யூ.இ.பி.யை 2001-இலேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர். அவசரத்துக்கு 2003-இல் வந்தது டி.கே.ஐ.பி. என்னும் இடைக்கால ஒட்டு. 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்து ஏ.இ.எஸ். என்னும் உறுதியான மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. 2009-இல் உறுதியான 802.11என் தரமோ, பழைய பூட்டுகளோடு தன் உயர் வேகத்தைத் தரக்கூடாது என்று விதித்தது. ஆகவே பழைய திசைவியில் டி.கே.ஐ.பி. தெரிவாகி இருந்தால், உள்ளே எத்தனை நூறு மெகாபிட் வந்தாலும் காற்றில் 54-க்கு மேல் ஏறாது. டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். என்று மாற்ற ஒரு நிமிடம் போதும், ஒரு காசும் செலவில்லை. புதிய கருவிகளில் 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3-உம் இருக்கும்.

மூன்றாவது, 5 கிகாஹெர்ட்ஸ். இங்கே தடங்கள் பல, நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் சுவரைத் துளைக்கும் ஆற்றல் குறைவு. ஜாலான் பெண்டஹாராவின் பழைய கடைவீடுகளில் தடித்த செங்கற்சுவர்கள் இதை அறைக்கு அறை விழுங்கிவிடும். பலகை வீட்டில் தாராளமாகப் பரவும். இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் சூட்டி, அருகில் படிக்கும் பிள்ளையை 5-இலும் தொலைவு அறையை 2.4-இலும் சேர்ப்பது நல்லது. திசைவியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். உலோகமும் நீரும் அலைக்குப் பகை. ஒளியிழையைப் பொருத்த வருபவர் வசதிக்காக முன்சுவரோரம் வைத்துவிட்டுப் போவார். நீளமான கம்பி ஒன்று வாங்கி வீட்டின் நடுவே கொண்டுவாருங்கள்.

இவையெல்லாம் கம்பி வந்து சேர்ந்த வீடுகளுக்கு. ஜாசின் பக்கம் தோட்டத்திலேயே தங்கிவிட்ட சில குடும்பங்களுக்கு நான் தடம் 6, தடம் 11 என்று பாடம் நடத்துவது நியாயமாகாது. அங்கே திசைவிக்குள் இருப்பது சிம் அட்டை. நெரிசல் இன்னமும் வெளியே, கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவில். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு, நீர் நிறைந்த அடர்ந்த மட்டைகள் அலையை உறிஞ்சுகின்றன. 2021 இறுதியில் நாடு முழுவதும் 3ஜி மூடப்பட்டதால், பழைய சிம் திசைவிகளில் பல வெறும் பெட்டியாகிவிட்டன. அத்தகைய வீட்டில் திசைவியை நடுவீட்டில் வைக்கக்கூடாது; கோபுரம் இருக்கும் திசைச் சன்னலில், இயன்ற அளவு உயரத்தில் வைக்க வேண்டும். 4ஜி ஏற்கும் கருவியா என்று கேட்டு வாங்க வேண்டும்; வெளி அலைவாங்கி பொருத்தும் துளை இருந்தால் இன்னும் நன்று. அதற்கு மேல் வேண்டியது கோபுரமும் ஒளியிழையும்தான். அதைத் தர வேண்டியவர்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில், வீட்டு எண்ணிக்கையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறித்து மடல் எழுத வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு அப்படியொரு மடல் தேவையென்றால் சொல்லுங்கள். மலாய் மொழியில் எழுதித் தருகிறேன்.