கொம்பு முன்னாலா, பின்னாலா? தமிழ் விசைப்பலகையின் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அதாவது"க்களைக் குறைத்திருக்கிறேன். மற்றபடி சொன்னது சொன்னபடிதான்.)

நாவலூரிலிருந்து பேசறேன். பின்னணியில் ஓ.எம்.ஆர். ஹார்ன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க, ஜன்னலை மூடினால் ரூம் வெந்துபோகும்.

இன்னைக்கு விஷயம் வரலாறுதான். ஆனா என் தப்பில் இருந்து ஆரம்பிக்கணும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது இல்லையா? அம்மாவிடம் இருப்பது 2016-ல் வாங்கிய லேப்டாப். அந்தக் காலத்து ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. மெஷின் நல்லாத்தான் இருக்கு, தூக்கிப் போட மனசு வரலை. தீபாவளிக்கு செங்கல்பட்டு வீட்டுக்குப் போனப்போ லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேர வேலை. வைஃபை, பிரிண்டர் எல்லாம் உடனே வந்தது. பெருமையா இருந்தது.

அம்மா ஜாப் டைப்பிங் பண்றவங்க. மனு, வாடகை ஒப்பந்தம், உறுதிமொழிப் பத்திரம் இதெல்லாம். பதினேழு வயசில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவங்க. திரையைப் பார்க்காமல், விசையையும் பார்க்காமல், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பாங்க.

மறுநாள் காலை பட்டா மாறுதல் மனு அடிக்க ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அம்மா முதல் வரியை அடிச்சாங்க. திரையில் வந்தது தமிழ் எழுத்துதான், தமிழ் இல்லை. யார் பேரும் இல்லை, எந்த ஊரும் இல்லை. ஒரு நிமிஷம் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிட்டாங்க. "பக்கத்துக் கடையில் பார்த்துக்கோங்கய்யா"ன்னு அவரை அனுப்பிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "என்னடா பண்ணி வெச்சிருக்க? நாப்பது வருஷமா அடிக்கிறேன். ஒரே ராத்திரியில் என் கை தப்பாயிடுச்சா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்தான் இந்த எபிசோடு.

விசைக்கு மொழி தெரியாது

முதலில் செய்ய வேண்டிய சோதனை சுலபம். ஆங்கிலம் சரியா விழுதான்னு பாருங்க. விழுந்தால் கோளாறு பலகையில் இல்லை. நீங்க ஒரு விசையை அழுத்தும்போது பலகை அனுப்புவது ஒரு எண்ணை மட்டும்தான். "இந்த இடத்தில் இருக்கிற விசையை அழுத்திட்டாங்க"ன்னு அதுக்கு அர்த்தம். அது க-வா, ப-வா என்று முடிவு செய்வது இயங்குதளம்.

அதாவது, பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் எழுத்து ஒரு ஸ்டிக்கர்தான். உண்மையான விசைப்பலகை மென்பொருளுக்குள் ஒரு அட்டவணையாக இருக்கு. நான் விண்டோஸை அழித்தபோது அம்மாவின் அட்டவணையையும் சேர்த்து அழிச்சிட்டேன். அதுக்குப் பதிலா, பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து வெச்சேன். அதன் பெயர் இன்ஸ்கிரிப்ட்.

இன்ஸ்கிரிப்ட் 1980-களில் இந்திய அரசின் மின்னணுத் துறை தரப்படுத்தியது. எண்ணம் நல்லது: இந்தியாவின் எல்லா எழுத்துமுறைகளுக்கும் ஒரே இட அமைப்பு. இந்தியில் 'க' எங்கேயோ, தெலுங்கிலும் தமிழிலும் அங்கேயே. ஒன்றைப் பழகியவருக்கு மற்றது சுலபம். ஆனால் செங்கல்பட்டில் தமிழ் மட்டும் அடிக்கும் ஒருவருக்கு அதனால் என்ன லாபம்? அவங்க இடது கையின் நாலு விரலுக்கு அடியில் ய, ள, ன, க இருக்கணும். அது வேற ஒரு வரலாற்றில் இருந்து வந்த வரிசை.

முத்தையாவின் நகராத விசை

அந்த வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குது. ஆர். முத்தையா 1886-ல் அங்கே பிறந்தவர், வேலை தேடி மலாயாவுக்குப் போனவர். தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடிவமைத்தவர் என்று நாம் அறிவது அவரைத்தான். ஜெர்மனியில் அதைச் செய்ய ஏற்பாடு செய்தார்.

அவர் முன் இருந்த கணக்கைப் பாருங்க. தமிழுக்கு 247 எழுத்து. மெஷினில் ஷிஃப்ட்டோடு சேர்த்தாலும் நூறு எழுத்துக்கு இடமில்லை. அதனால் எழுத்தைத் துண்டாக்கணும்: க தனி, கால் தனி, கொம்பு தனி. கொம்பும் காலும் பக்கத்தில் நிற்பவை, பிரச்சினையில்லை. ஆனா புள்ளி எழுத்தின் தலைமேல் உட்காரணுமே? ஒவ்வொரு அடிக்கும் தாள் ஒரு இடம் நகர்ந்துவிடுமே?

தீர்வு, நகராத விசை. அதை அடித்தால் புள்ளி மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்து க அடித்தால் அதே இடத்தில், புள்ளிக்கு அடியில் போய் உட்காரும். ஆக மெஷினில் 'க்' என்றால் முதலில் புள்ளி, பிறகு க. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. இதைத் தாளின் வரிசை என்று வைத்துக்கொள்வோம். அம்மா இன்ஸ்டிடியூட்டில் கற்றது இதைத்தான்.

ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தமிழுக்குன்னு எண் ஒதுக்கீடு பரவலாவதற்கு முன்னாடி எல்லாரும் செய்தது ஒரே தந்திரம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து ஒரு எழுத்துரு செய்வது. உள்ளே சேமிப்பது ஆங்கிலம், வெளியே தெரிவது தமிழ். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, செமிகோலன். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். நிறைய பேருக்கு இது ஞாபகம் இருக்கும்.

இங்கே ஒரு சின்ன மாற்றம் கவனிச்சீங்களா? செமிகோலன்தான் புள்ளி. அது கடைசியில் வருது. திரையில் தாள் நகர்வது என்ற தொல்லையே இல்லாததால் புள்ளி எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. கொம்பு மட்டும் முன்னாலேயே நின்றது, கண்ணுக்கு இடது பக்கம் தெரிவதால். இது கண்ணின் வரிசை.

அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, மெஷின்ல புள்ளி முதல்ல. கடைக்கு கம்ப்யூட்டர் வந்தப்ப பின்னால மாத்திக்கிட்டேன். ரெண்டு மாசம் கை தடுமாறிச்சு"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தடுமாற்றத்தை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை, நானும்தான்.

1999, சென்னை

ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருத்தர் அனுப்பிய கடிதத்தை இன்னொருத்தர் படிக்க முடியாது. இணையம் வந்ததும் இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்த தமிழர்களுக்குப் பெரிய தலைவலியானது. 1997-ல் சிங்கப்பூரில் பேராசிரியர் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. தொடர்ந்து 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99'. அதன் பலனாக அந்த ஆண்டே தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது.

பொறியாளர் என்ற முறையில் சொல்றேன், தமிழ்99 அழகான வடிவமைப்பு. உயிரெழுத்து பெரும்பாலும் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. மொத்தம் 31 விசை, ஷிஃப்ட் தேவையில்லை. க அடித்து எ அடித்தால் கெ. க இரண்டு முறை அடித்தால் தானே க்க. ங-வும் க-வும் சேர்ந்தால் தானே ங்க. இது ஒலியின் வரிசை, நாம் உச்சரிக்கிற மாதிரியே அடிக்கிறோம். யூனிகோடும் இதே வரிசையில்தான் சேமிக்குது: முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பை இடது பக்கம் கொண்டுவந்து வரைவது மென்பொருளின் வேலை. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அரசாங்கத்தின் ஒரு கை தமிழ்99-ஐத் தரமாக்கியபோது, இன்னொரு கை நடத்திய தட்டச்சுத் தேர்வு பழைய மெஷினிலேயே தொடர்ந்தது. வேலைக்கு வேண்டிய சான்றிதழ் அந்தத் தேர்வில்தான். அதனால் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள், ய, ள, ன, க-வைத்தான் விரலில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

இந்த இடைவெளியில் பாலம் போட்டவர்கள் மென்பொருள் எழுதியவர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு தொடங்கினார். முகுந்தராஜ் இ-கலப்பை தந்தார். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவில் இருந்து என்.எச்.எம். ரைட்டர் வந்தது. தமிழ்99-ஆ, ஆங்கில ஒலிபெயர்ப்பா, பாமினியா, பழைய தட்டச்சா, உங்க விரலுக்கு எது பழக்கமோ அதில் அடிங்க, உள்ளே யூனிகோடாக நாங்க மாத்திக்கிறோம் என்றது அது. பெரும்பாலும் இலவசமாகக் கொடுத்தாங்க. அம்மா மாதிரி எத்தனையோ பேர் யூனிகோடுக்கு வந்ததே தெரியாமல் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அப்படி ஒரு பாலத்தைத்தான் நான் ஒரு மணி நேரத்தில் அழித்திருந்தேன்.

115 வரி

தப்பு புரிந்ததும் நானே ஒரு எளிய அட்டவணை எழுதினேன். இந்த விசைக்கு இந்த எழுத்து, அவ்வளவுதான். லினக்ஸில் எக்ஸ்.கே.பி. என்ற அடுக்கு இதைச் செய்யும். இருபது நிமிஷம். "இப்ப அடிம்மா"ன்னேன். அம்மா ஊர்ப் பெயரை அடிச்சாங்க. திரையில் வந்தது: ெசங்கல்பட்டு. கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அநாதையாக நின்றது.

காரணம் இப்போ உங்களுக்கே தெரியும். அம்மாவின் விரல் கண்ணின் வரிசையில் அடிக்குது, யூனிகோடு ஒலியின் வரிசையை எதிர்பார்க்குது. எக்ஸ்.கே.பி.க்கு விசைக்கு ஒரு எழுத்து என்பதுதான் கணக்கு. முன்னால் என்ன அடித்தோம், பின்னால் என்ன வரப்போகிறது என்று அது பார்க்காது. கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து வரும்வரை காத்திருந்து, இடம் மாற்றி வைக்க ஒரு ஆள் வேணும். அதற்குப் பெயர் உள்ளீட்டு முறை. லினக்ஸில் ஐபஸ் என்பது அந்த ஆள். எம்17என் என்பது அதனிடம் இருக்கும் விசைப்பலகைத் தொகுப்பு. அதில் ஒவ்வொரு விசைப்பலகையும் திறந்து படிக்கக்கூடிய ஒரு டெக்ஸ்ட் கோப்பு. தமிழ்99-உம் அங்கே இருக்கு.

அந்தக் கோப்பைப் பார்த்து அம்மாவுக்கு ஒன்று எழுதினேன். 18 மெய், 5 கிரந்தம், ஆகமொத்தம் 23. ஒவ்வொன்றுக்கும் கெ, கே, கை, கொ, கோ என்று ஐந்து. 115 வரி. பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினால் அது துப்பிவிடும்.

'கௌ' ஏன் இல்லைன்னு கேட்பீங்க. மெஷினில் கௌ-வின் கடைசிப் பகுதிக்கும் ள-வுக்கும் ஒரே விசை. தாளுக்கு அது பிரச்சினையில்லை, பார்க்க ஒன்றுதான். ஆனால் அட்டவணையில் அதைச் சேர்த்தால் கெ-க்கு அடுத்து ள வரும் சொல்லிலும் அது 'கௌ' ஆகிவிடும். மனிதர் படிக்கும்போது வராத குழப்பம் இயந்திரத்துக்கு வருது. அதனால் ஔகாரத்துக்கு மட்டும் தனி விசை வைத்தேன். "இது ஒண்ணுதானே புதுசு, கத்துக்கறேன் விடு"ன்னாங்க.

உங்களுக்கும் இது நடந்தால்

இயங்குதளம் மாற்றுவதற்கு முன்னாடி, வீட்டில் யார் எந்த வரிசையில் அடிக்கிறாங்கன்னு முதலில் கேளுங்க. நான் செய்யாதது அது.

பழைய கோப்பில் ஆங்கிலக் குப்பை தெரிந்தால், கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவினால் தெரியும். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் அதற்கு மாற்றிகள் இருக்கு.

தமிழ்99-இல் 'பக்கம்' அடித்து 'பககம்' என்று வந்தால், விசைக்கு ஒரு எழுத்து வகை அட்டவணையைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. பட்டியலில் எம்17என் என்று பக்கத்தில் போட்டிருப்பதை எடுங்க.

கொம்பு புள்ளி வட்டத்தோடு வந்தால், வரிசைக் கோளாறு. ஒரு செயலியில் தமிழ் வந்து இன்னொன்றில் வராவிட்டால், அந்தச் செயலி உள்ளீட்டு முறையோடு பேசவில்லை. வெளியேறி மறுபடி உள்நுழைந்து பாருங்க, பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

தீபாவளி முடிந்து கிளம்பும்போது அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், "தமிழ்99 கத்துக்கிட்டா எந்த கம்ப்யூட்டர்லயும் வேலை செய்யும்மா." அம்மா சிரிச்சாங்க. "மெஷினுக்காக ஒரு தடவை மாத்தினேன். திரும்ப மாத்தணும்னா நீதான் மாறணும்."

அந்தப் பெரியவர் அடுத்த வாரம் வேறொரு மனுவோடு வந்தாராம். அடிச்சுக் கொடுத்தாச்சு. நான் அந்தக் கோப்பை மூணு இடத்தில் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். அடுத்த தடவை லேப்டாப் மாறும்போது தேவைப்படும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.