நிலைமம்

நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கவும், நகரும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் நகர்ந்தபடியே இருக்கவும் காட்டும் இயல்பு நிலைமம். இலங்கைப் பாடநூல்களில் இது சடத்துவம். வெளியிலிருந்து விசை ஒன்று குறுக்கிடாதவரை பொருள் தன் போக்கை மாற்றிக்கொள்ளாது. நிறை கூடக் கூட இந்தப் பிடிவாதமும் கூடும். இவ்வளவு எளிய உண்மை பிடிபட ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆயின. காரணம் உராய்வு. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதை நிறுத்தியதும் ஒரு விசைதான் என்பது தெரிவதில்லை.

கண்டதையே விதியாக்கினார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322): தள்ளுவது ஒன்று கூடவே இருந்தால்தான் பொருள் நகரும். அப்படியானால் கையை விட்டகன்ற கல் எப்படிப் பறக்கிறது? காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்றார். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோப்பொனஸ் இதை ஏற்கவில்லை. எறிபவரே கல்லுக்குள் ஓர் உந்தலை ஏற்றிவிடுகிறார் என்பது அவர் கட்சி. தடையே இல்லாத வெற்றிடத்தில் அந்த உந்தல் தானாகத் தீராது என்ற இடம்வரை வந்தார் பாரசீக அறிஞர் இப்னு சீனா (980–1037).

காற்று வாதத்தை அடியோடு சாய்த்தவர் 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கற்பித்த ழான் புரிடான். அவருடைய சான்றுகள் தெருவிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்தவை. நீரோட்டத்துக்கு எதிராகக் கயிறு கட்டி இழுக்கப்படும் படகு, இழுப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்ச தூரம் போகிறது. மேல்தளத்தில் நிற்பவருக்கு முதுகில் காற்று படுவதில்லை, முகத்தில்தான் அடிக்கிறது. படகில் வைக்கோல் ஏற்றியிருந்து காற்றுதான் தள்ளுகிறது என்றால், பின்பக்கத்துத் தாள்கள் முன்னோக்கி மடங்க வேண்டுமே! கொல்லரின் சாணைச் சக்கரமோ இருந்த இடத்தை விட்டு அசையாமல் சுழல்கிறது; அதன் பின்னால் காற்று புக இடமேது? ஆனாலும் நகர்வுக்குக் காரணமான ஒன்று பொருளுக்குள் இருந்தாக வேண்டும் என்ற பழைய நினைப்பை புரிடானும் விடவில்லை.

அதை விட்டவர் கலிலியோ. ஒரு சரிவில் உருண்டு இறங்கும் குண்டு எதிர்ச்சரிவில் ஏறத்தாழ அதே உயரத்தை எட்டும். எதிர்ச்சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த குண்டு அதிக தூரம் ஓடும். சரிவே இல்லாவிட்டால்? உராய்வும் இல்லையெனில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கப்பலோடு நகர்ந்த வேகம் கல்லிடமும் தொடர்வதால், ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து போட்ட கல் மரத்தின் அடியிலேயே விழும் என்று 1632இல் வெளியான நூலில் வாதிட்டார். 1640இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் கசாந்தி மார்சேயில் விரைந்து செல்லும் துடுப்புக் கப்பலில் இதைச் செய்தே காட்டினார். கல் அடியில்தான் விழுந்தது. தடையில்லாத நகர்வு நேர்கோட்டில்தான் தொடரும் என்பதை 1644இல் மெய்யியலாளர் டெக்கார்ட் தெளிவாக்கினார். 1687இல் நியூட்டன் இதைத் தம் முதல் விதியாக நிறுத்தினார். ‘ஏன் நகர்கிறது’ என்ற கேள்வி அத்தோடு ‘போக்கு ஏன் மாறுகிறது’ என்று திரும்பியது. இயற்பியலில் இதைவிடப் பெரிய திருப்பங்கள் குறைவு.

தலை கழன்று ஆடும் சுத்தியலைத் தச்சர் சரிசெய்வதில் இந்த விதி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சுத்தியலை நிமிர்த்திப் பிடித்துக் காம்பின் அடியைத் தரையில் ஓங்கிக் குத்துவார். காம்பு நின்றுவிடும், கனத்த இரும்புத் தலை தொடர்ந்து கீழிறங்கி இறுகிக்கொள்ளும். பஸ் வளைவில் திரும்பும்போது பயணியை யாரும் வெளிப்பக்கம் தள்ளுவதில்லை. அவர் உடல் நேராகப் போக முயல்கிறது, பஸ் திரும்பிவிடுகிறது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் காரில் சீட் பெல்ட் அணியாதவர் அதே வேகத்தில் முன்னே போவார். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. இன்று கார்களில் உள்ள மூன்றுமுனை பெல்ட்டை 1959இல் வடிவமைத்தவர் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். பிற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி அதன் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது.

உராய்வு இல்லாத இடத்தில் நடப்பதற்குச் சாட்சி, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம். முன்னே தள்ளும் எஞ்சின் எதுவும் ஓடாமலேயே நொடிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் சூரியனை விட்டு விலகிச் சென்றுகொண்டிருக்கிறது.

நிலைமத்தைத் தீர்மானிக்கும் நிறையும் ஈர்ப்பைத் தீர்மானிக்கும் நிறையும் ஒன்றே என்ற கொள்கை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்கு அடித்தளம். அவை வேறானால் வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு விதமாக விழும். இதைச் சோதிக்க 2016இல் ஏவப்பட்ட பிரான்சின் மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள், டைட்டானியக் கலவையும் பிளாட்டினக் கலவையும் விழும் விதத்தை ஒப்பிட்டது. 2022இல் வெளியான இறுதி முடிவுகளின்படி, ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்கு நுணுகிப் பார்த்தும் வேறுபாடு தென்படவில்லை.