கம்பெனிப் பணமும் கட்சி நிதியும்

மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களிலிருந்து ரயிலேறிக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர், பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கருங்கல் கட்டடத்தைக் காணாதிருத்தல் அரிது. அம்மன்றத்தில் 1957ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வழக்கை இன்று நினைவுகூர்வது பயனுடையதாகும்.

அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்கும் அதிகாரத்தைத் தன் அமைப்பு விதிகளில் சேர்க்க, டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி முற்பட்டது. அந்நாளைய சட்டப்படி அதற்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை. பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். வழக்கு மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி எம். சி. சக்லாவின் முன் வந்தது.

பங்குதாரர்கள் பல கட்சியினராய் இருப்பர். அவர்தம் பொதுப் பணமோ நிர்வாகத்தார் விரும்பும் கட்சிக்குச் செல்லும். இது முறையா? சட்டத்தில் தடை இல்லாமையால் சக்லா கம்பெனிக்கு இணங்கியே தீர்ப்பளித்தார். எனினும், பெரும் பணம் தேர்தலில் புகுந்தால் மக்களாட்சியின் குரல்வளையே நெரிபடக்கூடும் என எச்சரித்து, நாடாளுமன்றம் இதனை ஆராய வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். தீர்ப்பு கம்பெனிக்கு, எச்சரிக்கை நாட்டுக்கு.

நாடாளுமன்றம் அதற்குச் செவிசாய்த்தது. 1960ஆம் ஆண்டுத் திருத்தம், 25,000 ரூபாய், அல்லது மூவாண்டு நிகர லாபச் சராசரியில் நூற்றுக்கு 5, இவற்றுள் எது மிகுதியோ அதனை வரம்பாக்கியது. கொடையைக் கணக்கில் காட்டவும் பணித்தது. 1969இல் கம்பெனி நன்கொடை அறவே தடுக்கப்பட்டது. தடையால் பணம் நின்றுவிடவில்லை. கணக்கேட்டுக்கு வெளியே ஓடியது என்பதே பின்னர் ஆராய்ந்தோர் பலரின் கருத்து. 1985இல் நன்கொடை மீண்டும் வரம்புடன் அனுமதிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை நூற்றுக்கு ஏழரையாக்கியது.

2017இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தால் கொடுத்தவர் பெயரும் மக்களுக்கு மறைந்தது. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் இவ்விரண்டையும் செல்லாதவை என அறிவித்தது. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறதென அறிவது வாக்காளரின் உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வரம்பு வேண்டும், அதனினும் முதன்மையாக வெளிச்சம் வேண்டும். முழுத் தடையும் இருட்டில் முடிந்தது. கட்டற்ற உரிமையும் இருட்டையே நாடியது.

நேயர்களே! வெளியூரில் நாம் நடத்தும் சிறு சங்கத்திலும், ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்து வரவு செலவைப் படிக்கிறார். யார் எவ்வளவு தந்தார் என்பதை உறுப்பினர் கேட்டறிகின்றனர். நூறு ரூபாய்க்கு நாம் கேட்கும் கணக்கை, நாட்டை ஆள வருவோரிடமும் கேட்பது குடிமக்களின் கடமையன்றோ?